மழைக்கு முன் அந்தப் பழைய பேஜர் பெட்டியைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மின்சாரப் பட்டறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரண்டு வேலையோடு தோட்டத்து வயர்லெஸ் செட்டுகளைப் பராமரிப்பதும் என் பொறுப்பாக இருந்தது. இப்போது மறையூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். கடிதம் நீளமாக இருக்கிறது. மழைக்காலம் பிறக்கும் முன் இதைச் சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் கடைசியில் இளைஞர்கள் நாலு பேர் ஜீப்பில் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார்கள். தோட்டத்து ஆபீஸின் பழைய ஸ்டோர் அறையைக் காலி செய்தபோது ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்ததாம், காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் ஆபீஸில் நிலையாக வைத்துப் பேசும் ஒரு பேஸ் செட், இரண்டு வாக்கி டாக்கி, பட்டன்கள் வைத்த டோன் பெட்டி, 11 பேஜர்கள். எல்லாம் என் கைபட்ட சாமான்கள். "தாத்தா, டவர் செத்தாலும் இது பேசும்ல? மழைக்கு முன்னாடி ஓட வச்சுக் குடுங்க. லயத்துக்கு ஒண்ணு குடுத்துட்டா ராத்திரி எந்திரிச்சு ஓடலாம்" என்றான் ஒருவன். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் ஆமாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. பீர்மேடு பக்கமிருந்தும் வால்பாறையிலிருந்தும் பழைய சிநேகிதர்கள் இதே கேள்வியைப் போனில் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பதில்.

பேஜர் என்றதும் பலருக்கும் 1995-க்குப் பிறகு நகரத்து ஆட்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்த சிறு பெட்டிதான் ஞாபகம் வரும். அது வேறு. அதில் கம்பெனியின் ஆபரேட்டருக்குப் போன் போட்டுச் சேதி சொன்னால், திரையில் எழுத்தாக வரும். மாதச் சந்தா உண்டு. செல்போன் மலிந்ததும் ஐந்தாறு வருடத்துக்குள் அந்தத் தொழில் படுத்துவிட்டது. எங்கள் பேஜருக்குக் கம்பெனியும் கிடையாது, சந்தாவும் கிடையாது. தோட்டத்து வயர்லெஸ் அலையையே கேட்டுக்கொண்டு ஊமையாகக் கிடக்கும் சின்ன ரிசீவர் அது. தனக்குரிய டோன் வந்தால் மட்டும் வாய் திறந்து, பீப் பீப் என்று அடித்து, பின்னாலேயே மனிதக் குரலைக் கேட்க விடும்.

அந்த 'தனக்குரிய டோன்' எப்படித் தெரிகிறது என்பது எனக்கு இன்றைக்கும் அலுக்காத விஷயம். பழைய பேஜரைக் கழற்றினால் உள்ளே சிறு டப்பிகள் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு உலோக நாக்கு. ஸ்வரத்துக்கு ஒரு நாக்கு என்று ஆர்மோனியத்தில் இருப்பதுபோல, இதுவும் ஒரே ஒரு சுருதிக்குத்தான் அசையும். பக்கத்துச் சுருதி வந்தால் சும்மா இருக்கும். பேஸ் செட்டில் பட்டனை அழுத்தினால் முதல் டோன் ஒரு வினாடி, இரண்டாம் டோன் மூன்று வினாடி போகும். முதல் நாக்கு துடித்து, அதை அடுத்து இரண்டாவதும் துடித்தால்தான் ஸ்பீக்கர் திறக்கும். ஒரே டோனாக இருந்தால் யாராவது விசிலடித்தாலும் தற்செயலாகத் திறந்துகொள்ளலாம், அதற்காகத்தான் இரண்டு. ஐந்து சுருதிகள் இருந்தால் வரிசையை மாற்றி மாற்றி 20 பேருக்குத் தனித்தனி அழைப்பு வைக்கலாம். எல்லோரையும் ஒன்றாக எழுப்ப வேண்டுமென்றால் எட்டு வினாடி நீள டோன்.

எங்கள் டோன் பெட்டியில் மூன்றாம் பட்டன் கம்பவுண்டர், ஐந்தாம் பட்டன் ஆம்புலன்ஸ் டிரைவர், ஏழு நான்.

1991 ஜூலையில் ஒரு இரவு. மேல் டிவிஷன் லயத்தில் தலைப்பிரசவக்காரிக்கு நேரமாகும் முன்பே வலி கண்டுவிட்டது. மரம் விழுந்து போன் கம்பி அறுந்து இரண்டு நாளாகியிருந்தது. டிவிஷனை மேற்பார்க்கும் கண்டக்டர் வாக்கி டாக்கியில் ஆபீஸைக் கூப்பிட, நைட் வாட்ச்மேன் மூன்றாம் பட்டனையும் ஐந்தாம் பட்டனையும் அழுத்திப் பேசினார். என் செட்டை நான் எப்போதும் முழுசாகத் திறந்தே வைத்திருப்பதால் அந்தக் குரல் எனக்கும் கேட்டது. "கம்பவுண்டர் சார், கம்பவுண்டர் சார், மேல் டிவிஷன் அஞ்சாம் லயத்துல புள்ளத்தாச்சிக்கு வலி கண்டுருச்சு. பாலம் மூழ்கலே. வண்டி வருது, நீங்க பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்னுக்கோங்க." இதையே இரண்டு தடவை சொன்னார். தோட்டமெல்லாம் தூங்கிக்கொண்டிருக்க, எழ வேண்டிய இரண்டு பேர் மட்டும் எழுந்தார்கள். பிறந்த பிள்ளைக்கு இப்போது சொந்தமாக ஜீப் இருக்கிறது, மறையூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் நின்று பேசுவான்.

அந்தப் பேச்சில் என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள். எந்த லயம், பாலத்தின் நிலை என்ன, எங்கே நிற்க வேண்டும், எல்லாம் தமிழில், தெரிந்த ஆளின் குரலில். இன்று என் செல்போனுக்கு வரும் மழை எச்சரிக்கைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்தாக வருகின்றன. எங்கள் லயங்களில் இருக்கும் வயசான பெண்கள் பலருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். இரவு 11 மணிக்கு அந்த எழுத்து யாரை எழுப்பும்? கேரள அரசு 'கவசம்' என்ற பெயரில் சைரன்கள் வைத்திருப்பது நல்ல காரியம். சைரன் ஊரை எழுப்பும். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை ஒரு குரல்தான் சொல்ல வேண்டும்.

இத்தோடு நிறுத்தினால் நான் அந்தப் பையன்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். 1997-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

அன்றும் மழைதான். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி. வாட்ச்மேன் ஐந்தாம் பட்டனை அழுத்தினார். வண்டி வரவில்லை. மறுபடி அழுத்தினார், மூன்றாம் தடவையும் அழுத்தினார். பேஜரால் கேட்க மட்டும்தான் முடியும், பதில் சொல்லாது. டிரைவர் கேட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிறாரா, தூங்குகிறாரா, செட் செத்துக் கிடக்கிறதா என்று ஆபீஸில் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒருவர் டார்ச்சோடு நடந்து போய்க் கதவைத் தட்டினார். டிரைவரின் பேஜரில் பேட்டரி கசிந்து கம்பியை அரித்திருந்தது. விடியும் முன்பே பெரியவர் போய்விட்டார். வண்டி நேரத்துக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கம்பவுண்டராலும் சொல்ல முடியவில்லை.

தினமும் மாலை ஏழு மணிக்கு எல்லாப் பேஜருக்கும் டெஸ்ட் கால் போட வேண்டியது என் வேலை. கேட்டவர்கள் மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், போடாதவரின் செட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். ஃபேக்டரி மோட்டார் எரிந்துவிட்டது என்று அதற்கு முந்தைய இரண்டு மாலையும் டெஸ்ட் கால் போடாமல் விட்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் மறக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். பேஜர் அடித்தால், எழுந்தவர் முதலில் வாசல் விளக்கைப் போட வேண்டும். டிரைவர் வீடு ஆபீஸுக்கு எதிர்ச் சரிவில் இருந்தது. விளக்கு எரிந்தால் வாட்ச்மேனுக்கு ஆள் எழுந்தது தெரிந்துவிடும். கரண்டு இல்லையென்றால் டார்ச்சை மூன்று தடவை அணைத்து அணைத்துக் காட்ட வேண்டும். மூடுபனி இறங்கினால் அதுவும் தெரியாது. பனி இறங்கிய இரவுகளில் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் நடந்தே போனார்.

இனி இந்த மார்ச்சில் வந்த பெட்டிக்கு வருகிறேன். அனுமதியில்லாமல் அலையை வானத்தில் விடக்கூடாது என்பதால் ஆன்டெனாவைக் கழற்றி, அலையை வெளியே விடாமல் வாங்கிக்கொள்ளும் டம்மி லோடு மாட்டி, மேஜைமேல் வைத்தே சோதித்தேன். பொழுதுபோக்காக ரேடியோவில் பேச லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோ நண்பர் ஒருவர் கூட இருந்தார். 11 பேஜர்களில் நான்கு திறந்தன. மற்றவற்றில் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரியின் காரம் கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. வினிகர் தொட்டுத் துடைத்ததில் இன்னும் இரண்டு உயிர் வந்தன. ஒன்றில் நாக்கே விலகியிருக்கிறது, எப்போதோ சிமெண்டுத் தரையில் விழுந்திருக்கும். புது பேட்டரி போடலாம், உலர்ந்த கெப்பாசிட்டரை மாற்றலாம். இதெல்லாம் பொறுமை இருந்தால் முடிகிற வேலை.

முடியாத வேலை கிரிஸ்டல். இந்தப் பழைய செட்டுகளில் அலைவரிசையை நம்பர் அடித்து மாற்ற முடியாது. எந்த அலைவரிசைக்கு வெட்டிய கிரிஸ்டல் உள்ளே இருக்கிறதோ அதில் மட்டும்தான் ஓடும். அந்த அலைவரிசை தோட்டத்துக்கு மத்திய அரசில் அலைவரிசைகளை ஒதுக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு உரிமம் கொடுத்தது. செல்போன் வந்தபின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். இன்று அது வேறு யாருக்காவது போயிருக்கலாம். 1933-ம் வருடத்து வயர்லெஸ் சட்டத்தின் காலத்திலிருந்தே உரிமம் இல்லாமல் செட் வைத்துப் பேசுவது குற்றம். நல்ல நோக்கம்தானே என்று எண்ணி ஆரம்பித்தால், நம் பேச்சு ஆம்புலன்ஸுக்கோ போலீஸுக்கோ குறுக்கே விழுந்து இன்னொரு உயிருக்கு உலை வைக்கும். புது அலைவரிசைக்குக் கிரிஸ்டல் வெட்டித் தருகிறவர்கள் இப்போது அரிது. வெட்டினாலும் சுருதி சேர்க்கக் கருவிகள் வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அந்தக் காலத்துச் செட்டுகள் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பேசியவை. இப்போதைய செட்டுகள் பெரும்பாலும் 12.5 கிலோஹெர்ட்ஸில் பேசுகின்றன. புதுச் செட்டில் பேசிப் பழைய பேஜரில் கேட்டால் குரல் பாதியாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். டோனும் அப்படியே மெலிந்து வருவதால் சில நாக்குகள் துடிக்காமலே இருந்துவிடும். பழையதும் புதியதும் கலந்து ஒரு ஏற்பாடு செய்ய நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 150 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலை ஏறக்குறைய டார்ச் வெளிச்சம் மாதிரி. எதிர்ச் சரிவில் இருப்பவருக்குத் தெளிவாகப் போகும், முகட்டைத் தாண்டி மடிப்புக்குள் இருக்கும் லயத்துக்குப் போகாது. அதற்குத்தான் உச்சியில் ரிப்பீட்டர் வைப்பது. ஒரு அலைவரிசையில் கேட்டு இன்னொன்றில் திருப்பிச் சொல்லும். எங்கள் மலையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாரக்கணக்கில் வெயில் முகம் தெரியாது, ரிப்பீட்டருக்கு வைத்த சோலார் தட்டு அப்போதுதான் பட்டினி கிடக்கும். இடியும் விழும். ரிப்பீட்டர் படுத்தால் கீழே இருக்கும் பேஜர்கள் எத்தனை நல்ல நிலையில் இருந்தாலும் பயனில்லை. டிவிஷன் டிவிஷனாக நடந்து, எந்த லயத்தின் எந்த மூலையில் சத்தம் வருகிறது, எங்கே வரவில்லை என்று நோட்டில் குறிக்காமல் யாருக்கும் பேஜர் கொடுக்காதீர்கள். கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் தூங்கிவிடுவார்கள்.

2024 செப்டம்பர் 17-ல் லெபனானில் பேஜர்கள் வெடித்துப் பலர் இறந்த செய்தியைப் பார்த்துவிட்டு, பெட்டியை வீட்டில் வைக்கவே என் மகள் பயந்தாள். அங்கே வெடிமருந்தை முன்கூட்டியே உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள். ரேடியோ அலைக்கு ஒரு பேஜரை வெடிக்கவைக்கும் சக்தி கிடையாது. அவளுக்குச் சொன்னதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

இத்தனை குறை இருந்தும் பெட்டியை ஏன் தூக்கிப் போடச் சொல்லவில்லை என்றால், காரணம் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு பத்தரை மணிக்கு மேல் லயங்கள்மீது மலை சரிந்தது. 70 பேர் போய்விட்டார்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்க வந்த குடும்பங்கள் அதில் நிறைய. கரண்டும் இல்லை, செல்போன் தொடர்பும் இல்லை. வெளியே விஷயம் தெரிய மறுநாள் காலை ஆகிவிட்டது. வழியில் பெரியவரை என்ற இடத்திலிருந்த தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் போயிருந்ததால் வண்டிகள் போவதும் தாமதமானது. மண்ணை எந்த ரேடியோவும் தடுத்திருக்காது. ஆனால் அந்த இரவிலேயே ஒருவர் ராஜமலையையோ மூணாறையோ கூப்பிட்டிருக்க முடிந்தால் என்று நினைக்காமல் என்னால் ஆகஸ்ட் மாதத்தைக் கடக்க முடிவதில்லை. 1924 ஜூலை வெள்ளத்தில் மூணாறு பக்கம் ஓடிய குண்டளை ரயில்பாதை முழுதும் அழிந்ததை என் தாத்தா '99 வெள்ளம்' என்று சொல்வார், மலையாளக் கணக்கில் அது 1099. ரோடும் கம்பியும் முதலில் அறுபடும் மலை இது. டவருக்குக் கரண்டு நின்றால் பேட்டரி சில மணி நேரம், பிறகு டீசல். ரோடு போய்விட்டால் டீசலும் வராது.

வெளியூர்களில் என்ன செய்தார்கள் என்றும் விசாரித்தேன். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சுமார் 1,30,000 பேஜர்கள் இருப்பதாகவும் 2021 கடைசிக்குள் அவற்றை விட்டுவிட வேண்டும் என்றும் 2019-ல் அங்கே அமைச்சர் உத்தரவிட்டார். ஜப்பானின் கடைசிப் பேஜர் சேவை 2019 செப்டம்பரோடு நின்றது. ஆனால் அதை நடத்திய டோக்கியோ நிறுவனம் அதே 280 மெகாஹெர்ட்ஸ் அலையை, கட்டிடத்துக்குள்ளும் நன்றாக நுழைகிறது என்பதற்காக, பேரிடர் அறிவிப்புக்குத் திருப்பிவிட்டது. நான் சொல்லவருவதும் இதைப் போன்றதுதான். பழைய கருவி தேவையில்லை, அது செய்த வேலை தேவை.

பஞ்சாயத்தும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தோட்ட நிர்வாகங்களும் சேர்ந்து தங்கள் பேரில் ஒரு அலைவரிசைக்கு உரிமம் வாங்கட்டும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமலே பேசக்கூடிய குறைந்த சக்திச் செட்டுகள் உண்டு. அவை ஒரு லயத்துக்குள், பக்கத்து லயத்தோடு பேச உதவும், மலை தாண்டாது. மலை தாண்ட முறையான வி.எச்.எஃப்., அதாவது முன்பு சொன்ன 150 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலையும் ரிப்பீட்டரும் வேண்டும். இன்றைய கைச்செட்டுகள் பலவற்றில் இதே இரண்டு டோன் அழைப்பு உள்ளேயே இருக்கிறது, கேட்டவர் பட்டனை அழுத்திப் பதிலும் சொல்லலாம். லயத்துக்கு ஒரு செட், அதை இரவு வைத்திருக்க முறை போட்டு இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். ஆண்கள் பலர் கீழே வேலைக்குப் போய் வாரக்கடைசியில்தான் வருகிறார்கள். ஏழு மணிக்கு டெஸ்ட் கால், காலையில் கையெழுத்து. இரவு முழுக்க பேஸ் செட்டுக்கு முன்னால் விழித்திருக்கும் ஆளுக்குச் சம்பளம். கருவிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்தச் சம்பளத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் நடந்தது. நைட் வாட்ச்மேன் வேலையை நிறுத்திய வருடமே பேஜர்கள் பெட்டிக்குள் போய்விட்டன. அப்போது ஒன்பது பேஜர்கள் நல்ல நிலையில்தான் இருந்தன.

இப்போது திறக்கும் ஆறு பேஜர்களையும் பையன்களுக்குப் பாடம் சொல்ல வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வருகிறார்கள். மைக்கை வாய்க்கு எத்தனை விரல் தள்ளிப் பிடிப்பது, பட்டனை அழுத்தி ஒரு வினாடி விட்டுப் பேசுவது, இடத்தின் பெயரை இரண்டு தடவை சொல்வது, 'ஓவர்' சொல்லாமல் விரலை எடுக்காமல் இருப்பது எல்லாம் பழகுகிறார்கள். அவர்களில் ஒருவன் ஹாம் பரீட்சைக்குப் படிக்கிறான்.

ஆக்கர் கடைக்குப் போகக் காத்திருக்கும் இதுபோன்ற பெட்டி வேறு தோட்டத்து ஸ்டோர்களிலும் இருந்தால், தூக்கிப் போடுமுன் அதிலிருக்கும் நோட்டுப் புத்தகங்களை மட்டுமாவது எடுத்து வையுங்கள். எந்த லயத்தில் சத்தம் வரும், எங்கே வராது என்று பல மழைக்காலங்களில் நடந்து எழுதியது அதில் இருக்கும். புதிதாக ரிப்பீட்டர் வைக்க வருகிறவர்களுக்கு அது வேண்டும். எங்கள் தோட்டத்து நோட்டுகள் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. அதிகாரிகள் யார் கேட்டாலும் கொடுக்கிறேன், கூட நடந்து வந்து இடத்தையும் காட்டுகிறேன். முழங்கால் வலி இருக்கிறது, கொஞ்சம் மெதுவாக நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட மின்பணியாளர்,
மறையூர், இடுக்கி மாவட்டம்.